வயிற்றில் ஒரு பெல்ட் தடம்

2023 ஆகஸ்டில் சென்னையிலிருந்து திருச்சிக்குப் போய்க்கொண்டிருந்தோம். திண்டிவனம் தாண்டியதும் பின்னால் வந்த லாரி இடித்ததில் கார் நடுத்தடுப்பில் போய் மோதி நின்றது. ஓட்டிய கணவருக்கு மணிக்கட்டில் வீக்கம். பின் சீட்டில் இருந்த அத்தைக்கு நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. துப்பட்டாவை மடித்து அத்தையின் நெற்றியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு 108-க்குப் போன் செய்ததே நான்தான்.

அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் வந்தவர்களை, எவ்வளவு அவசரம் என்பதைப் பொறுத்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள்; சிவப்புதான் மிக அவசரம். அத்தை மஞ்சள், நான் பச்சை. அத்தைக்குத் தையல், டிடி ஊசி, தலைக்கு சி.டி. ஸ்கேன் எல்லாம் மளமளவென்று நடந்தன. நான் டீ குடிக்கக் கிளம்பினேன். அப்போதுதான் ஒரு ஹவுஸ் சர்ஜன் பெண், அதாவது பயிற்சி டாக்டர், மறித்தாள். "அக்கா, நீங்களும் அதே கார்லதானே வந்தீங்க? ஒரு நிமிஷம் படுங்க."

அடிவயிற்றில் குறுக்காக, இரண்டு விரல் அகலத்துக்குச் சிவந்து கன்றியிருந்தது. நான் சீட்டைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டு வந்தவள். இடுப்பெலும்பின் மேல் இருக்க வேண்டிய சீட் பெல்ட் மேலே ஏறி, வயிற்றின் மெத்தென்ற பகுதியில் கிடந்திருக்கிறது. கார் மோதி நின்ற வேகத்தில் அந்தப் பட்டைக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் குடல் நசுங்கியிருக்கலாம் என்று அவள் சொன்னாள். தடத்தின் விளிம்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டாள். டீ கிடையாது, தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. நானும் மஞ்சளுக்குப் போனேன்.

வயிற்று ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. விஷயம் கேட்டு வந்த சித்தப்பா, "ஸ்கேன்தான் நல்லா இருக்கே, வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடு" என்றார். இல்லாவிட்டால் தனியார் ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிடலாமா என்றும் கேட்டார். அங்கிருந்த ஊழியர் பொறுமையாக விளக்கினார். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனை என்றால், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 1 லட்சம் ரூபாய் வரை (அப்போதைய வரம்பு அது) அரசே கொடுக்கும், காப்பீட்டு அட்டைகூடத் தேவையில்லை என்றார். எங்கே போனாலும் சரி, வீட்டுக்கு மட்டும் போகக் கூடாது என்பதில் டாக்டர் உறுதியாக இருந்தார். குடலில் சின்னக் கிழிசல் இருந்தால் முதல் ஸ்கேனில் தப்பிவிடும், மணிக்கணக்கில் கவனித்தால்தான் பிடிபடும் என்றார். நாங்கள் அங்கேயே இருந்தோம்.

இரவு முழுக்க மணிக்கொரு முறை நாடி பார்த்தார்கள், வயிற்றை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார்கள். சாயங்காலம் 88 இருந்த நாடி விடியற்காலையில் 124. வலி பொறுக்க முடியவில்லை. டாக்டர் கை வைத்தபோது வயிறு பலகை மாதிரி இறுகியிருந்தது எனக்கே தெரிந்தது. மறுபடியும் ஸ்கேன், உடனே ஆபரேஷன் தியேட்டர். சிறுகுடலில் கிழிசல். அந்த இடத்தை வெட்டித் தைத்தார்கள். 11 நாள் படுக்கை.

அந்த ஹவுஸ் சர்ஜன் பெண் முதல் நாள் இன்னொன்றும் செய்திருந்தாள். விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். என்கிறார்களே அதில், அத்தையின் பெயரோடு என் பெயரையும் பதிந்து, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, யார் கொண்டுவந்தது, வயிற்றில் பெல்ட் தடம் என்று எழுதி வைத்திருந்தாள். கணவர் மட்டும் மணிக்கட்டைக் காட்டாமல் விட்டுவிட்டார். நான்கு நாள் கழித்து வீக்கம் வடியாமல் ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தபோது எலும்பு முறிவு. அதற்குப் பதிவேடும் இல்லை, விபத்தில்தான் பட்டது என்று காட்ட அன்றைய தேதியில் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை.

இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் போட வேண்டும் என்று வக்கீல் அவசரப்படுத்தினார். எஃப்.ஐ.ஆர்., ஏ.ஆர். காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, பில்கள் என ஒரு ஃபைல் சேர்த்தோம். ஐந்தாம் மாதம் தாக்கல் செய்தோம். லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் என் காயத்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கணவரின் மணிக்கட்டைப் பற்றி மட்டும் முக்கால் மணி நேரம் கேட்டார்.