ஒரு ‘வ’ எழுத்துக்காக நான்கு மெய்ப்பு

வியாழக்கிழமை சாயங்காலம் பார்சல் வந்தது. என் மூன்றாவது நாவல், ‘இருபத்தஞ்சு டிகிரி’, ஆசிரியர் பிரதிகள் பத்து. கத்தரிக்கோல் தேடப் பொறுமை இல்லை, சாவியால் டேப்பைக் கிழித்தேன். அட்டையைப் பார்க்கவில்லை, பின்னட்டை வாசகத்தைப் பார்க்கவில்லை, நேராக 187ஆம் பக்கம், மேலிருந்து ஆறாவது வரி. “எங்க அத்தை தவறிட்டாவ.” ‘வ’ இருந்தது! அப்படியே அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஏழு மாதமாக இந்த ஓர் எழுத்தோடு மல்லுக்கட்டியவளுக்குத்தான் அந்த நிம்மதி தெரியும்.

நாவல் தூத்துக்குடி உப்பளத்தில் நடக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம்தான் மையம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டி, தாமிரபரணி கரை தாண்டி, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பேர் சிக்கிக் கிடந்த அதே நாட்கள். அளத்தில் அப்போது உப்பு எடுக்கிற காலம் இல்லை, ஆனால் தட்டுமேட்டில் அம்பாரமாகக் குவித்து மூடி வைத்திருந்த பழைய உப்பு கரைந்து போனது. அங்கிருந்துதான் கதை எனக்குக் கிடைத்தது. தலைப்பில் இருக்கும் டிகிரி அளத்துக் கணக்கு, வெயில் சூடு இல்லை, தண்ணீரில் உப்பு எவ்வளவு அடர்த்தி என்று அளக்கிற போமே டிகிரி. கடல் தண்ணீர் மூன்று டிகிரி சொச்சம், வெயிலில் ஏறி ஏறி இருபத்தைந்து வரும்போதுதான் பாத்தியில் உப்பு இறங்கும், முப்பதை எட்டுவதற்குள் மிச்சத் தண்ணீரை வடித்துவிட வேண்டும், விட்டால் மக்னீசியம் சேர்ந்து கசப்பேறும், ஈரம் கோத்துக்கொள்ளும். இதை எழுதும் இடங்கள் எனக்குக் கஷ்டமாகவே இல்லை. ஒரு மாதம் அதிகாலையில் போய் நின்று பார்த்தேன், வந்து எழுதினேன், அவ்வளவுதான்.

பேச்சுதான் உயிரை எடுத்தது.

வட்டார வழக்கில் எழுதுகிற எல்லாருக்கும் இந்த இடம் தெரியும் என்பதால் ஆரம்பக் கதையை விடுகிறேன். என் முதல் வரைவில் காதில் விழுந்த ஒலியை எல்லாம் எழுத்தில் பிடிக்கப் பார்த்தேன். “மளக்குள்ள எதுக்கு நிக்கான், உள்ள வரச்சொல்லுதென் கேக்கமாட்டங்கான்.” கோயம்புத்தூரில் இருக்கும் தோழி ஒருத்தி படித்துவிட்டு ‘மள’ என்றால் என்ன என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம். மழை என்று போட்டாலும் எங்கள் பக்கத்து ஆள் ‘மள’ என்றுதான் வாசிப்பார், வெளியூர்க்காரருக்கோ தடுக்காது. அப்புறம் மூன்று மாதம் உட்கார்ந்து மாற்றி எழுதி ஒரு முடிவுக்கு வந்தேன். ஒலியை விட்டுவிடலாம், வினைமுற்றை மட்டும் விடவே கூடாது. “மழைக்குள்ள எதுக்கு நிக்கான்? உள்ள வரச் சொல்லுதேன், கேக்க மாட்டேங்கான்.” நிக்கான், சொல்லுதேன், மாட்டேங்கான், இந்த மூன்று போதும், ஆள் எந்த ஊர் என்று தெரிந்துவிடும். ‘நிற்கிறான்’ என்பதில் இருக்கும் ‘கிற்’ போய், ‘நிக்கான்’ என்று வெட்டென்று நிற்பதில்தான் தெற்குச் சீமை இருக்கிறது. எழுத்தைக் கோணலாக்கினால் வழக்கு வந்துவிடும் என்று நான் நம்பியது தப்பு. இதை இரண்டாவது நாவலிலேயே யாராவது சொல்லியிருந்தால் என் பாதி இரவுகள் மிச்சம்.

அடுத்த சிக்கல் மரியாதைப் பன்மை. நான் கோவில்பட்டிப் பக்கம், கரிசல் பேச்சு, எங்கள் வீட்டில் “மாமா வந்தாக, சொன்னாக”. கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்து 19 வருஷம் ஆகிறது, இன்னும் ‘வந்தாக’தான். ஆறுமுகநேரி, திருச்செந்தூர்ப் பக்கத்தில் நான் கேட்டது “வந்தாவ, சொன்னாவ”. அளத்து வேலைக்கு இரண்டு பக்கத்து ஆட்களும் வருகிறார்கள். என் நாவலில் மருமகள் விளாத்திகுளத்துப் பெண், மாமியார் ஆறுமுகநேரி. ஆக மருமகளுக்குக் ‘க’, மாமியாருக்கு ‘வ’. முந்நூறு பக்கத்துக்குக் கொஞ்சம் குறைவான நாவலில் இரண்டு பேரும் ஒரே பாத்தியில் நின்று உப்பு வாரினாலும் இந்த ஓர் எழுத்து மட்டும் கலக்காது. மருமகள் வீம்பாகவே தன் ஊர்ப் பேச்சை வைத்திருக்கிறாள், மாமியார் அதைக் குத்திக்காட்டிக்கொண்டே இருக்கிறாள். வெள்ளத்தில் மாமியார் போய்விடுகிறாள். மூன்றாம் நாள் நிவாரண முகாமில் பெயர் எழுத வந்தவர் “வீட்ல எத்தனை பேரும்மா?” என்று கேட்கும்போது, மருமகள் தன்னை அறியாமல் முதல் தடவையாக மாமியாரின் ‘வ’வில் பதில் சொல்கிறாள். அழுகை கிடையாது, வர்ணனை கிடையாது. நாவல் முழுக்க அந்த ஒரு வரிக்காகத்தான்.

அந்த வரியே முதலில் “போயிட்டாவ” என்றுதான் இருந்தது. ஆறுமுகநேரிக்கார அக்கா ஒருவர், இருபது வருஷம் அளத்தில் வேலை பார்த்தவர், மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்கு நான் அத்தியாயம் வாசித்துக் காட்டுவேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்பார். இந்த இடம் வந்ததும் கை நின்றது. “யம்மா, போயிட்டாவன்னா கடைக்குப் போனாவளா, எங்க போனாவ? செத்தவியள நாங்க அப்படிச் சொல்ல மாட்டோம். தவறிட்டாவன்னு எழுது.” பேனாவை எடுத்து அங்கேயே மாற்றினேன். மாற்றியபோது கை நடுங்கியது உண்மை. அவர் கீரையைத் திரும்ப ஆய ஆரம்பித்துவிட்டார்.

சரி, இனி மெய்ப்புக் கதை, அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்த எடுக்கும் பிரதியின் கதை. முதல் மெய்ப்பு வந்தபோது ‘நிக்கான்’ எல்லாம் ‘நிற்கிறான்’ ஆகியிருந்தது, உரையாடலுக்குள்ளேயே. மெய்ப்புப் பார்த்தவர் நல்ல தமிழ் தெரிந்தவர், என் ஒற்றுப் பிழைகளை (எனக்கு ‘க்’ எங்கே மிகும் என்பதில் இன்றைக்கும் தடுமாற்றம் உண்டு) ஒன்று விடாமல் பிடித்திருந்தார், அதற்குக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் மேற்கோள் குறிக்குள் இருப்பது என் தமிழ் இல்லை, பாத்திரத்தின் வாய். இதை ஒரு தாளில் எழுதி, அனுப்பும் ஒவ்வொரு கோப்பின் முதல் பக்கத்திலும் ஒட்டினேன். இரண்டாம் மெய்ப்பில் அதெல்லாம் சரியாகி வந்தது. ஆனால் ஓரத்தில் ஒரு குறிப்பு: ‘வந்தாக, வந்தாவ இரண்டும் வருகிறது, ஒரே சீராக்கவும்.’ வடிவமைப்பு செய்தவர் கேள்வி கேட்காமல் கணினியில் ஒரே தட்டில் ‘தாவ’வை எல்லாம் ‘தாக’ ஆக்கிவிட்டார், அப்புறம் ‘னாவ’, ‘டாவ’. மாமியார் கரிசல்காரியாகிவிட்டாள். அதோடு நான்காம் அத்தியாயத்தில் கல்யாண வீட்டுப் பெண் பச்சைத் ‘தாகணி’ கட்டிக்கொண்டு வந்து நின்றாள். தாவணி! அந்தத் தாகணிதான் எனக்கு விஷயத்தையே காட்டிக்கொடுத்தது, இல்லாவிட்டால் பழகிய கண்ணுக்குத் ‘தவறிட்டாக’ தப்பாகவே பட்டிருக்காது, அது என் சொந்த ஊர்ப் பேச்சு இல்லையா.

மொத்தம் 214 இடம். ஒவ்வொன்றையும் யார் பேசுகிறார் என்று பார்த்துப் பார்த்துச் சிவப்பில் திருத்தி அனுப்பினேன். மூன்றாம் மெய்ப்பில் மற்ற எல்லாம் சரி, 187ஆம் பக்கம் மட்டும் திரும்பவும் ‘க’! காரணம், மருமகள் பேசும் வரி என்பதால் மெய்ப்பாளர் அதை என் கைப்பிழை என்று நினைத்துத் திருத்தியிருக்கிறார். கவனமாகப் படித்ததால் வந்த திருத்தம் அது, நாவலின் விதியை அவர் அவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டிருந்தார். போனில் பேசி விளக்கினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “அம்மா, இப்பத்தான் எனக்கு அந்த இடமே விளங்குது” என்றார். அதற்குப் பிறகும் நம்பிக்கையில்லாமல் நான்காம் மெய்ப்பு கேட்டு வாங்கிப் பார்த்தேன். வழக்கில் எழுதுகிறவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான், கைப்பிரதியோடு கூடவே எந்தப் பாத்திரம் எந்த வினைமுற்று பேசும் என்று ஒரு பக்கப் பட்டியல் கொடுத்துவிடுங்கள், மீறல் இருந்தால் அதையும் பக்க எண்ணோடு குறித்துவிடுங்கள். நான் அடுத்த தடவை முதல் நாளே கொடுப்பேன்.

இந்த ஏழு மாதமும் படித்தது பெரும்பாலும் இதே ஏக்கத்தோடுதான். ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ மூன்றாவது தடவை. எங்கள் அளத்தைப் பற்றி நாவல் எழுத உட்காரும் யாருக்கும் அதைத் தாண்டி வழி கிடையாது. முசிறியில் பிறந்தவர், இங்கே வந்து தொழிலாளிகளோடு பழகிக் கேட்டு எழுதினார் என்பது எனக்குப் பெரிய தைரியம். அவர் எழுத்துகள் நாட்டுடைமை ஆகிவிட்டதால் பிரதி கிடைப்பதும் சுலபம். வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ 1977இல் வந்தது, இந்தத் தடவை கையில் பென்சிலோடு உரையாடலை மட்டும் படித்தேன், எவ்வளவு கொஞ்சமாகப் பேசுகிறார்கள், அதற்குள் எவ்வளவு கடல் இருக்கிறது! ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ நேர் எதிர். பரதவர் சொற்கள் அலையலையாக வரும், முதல் ஐம்பது பக்கம் மூச்சு முட்டும், அப்புறம் நாமே கட்டுமரத்தில் இருப்போம். இரண்டும் சரியான வழிதான், ஆனால் என் கைக்கு வருவது முதல் வழி.

போன மாதம் ‘ஹார்ட் லாம்ப்’ ஆங்கிலத்தில் படித்தேன். பானு முஷ்தாக்கின் கன்னடக் கதைகள், தீபா பாஸ்தி மொழிபெயர்த்து 2025இல் சர்வதேச புக்கர் வாங்கியது. கன்னட, உருதுச் சொற்களைச் சாய்வெழுத்தில் போடாமல், அடிக்குறிப்பு இல்லாமல் அப்படியே விட்டிருக்கிறார். அதைப் பார்த்த அன்றைக்குத்தான் என் நாவலின் கடைசியில் சேர்த்திருந்த நான்கு பக்கச் சொல்விளக்கத்தை எடுத்துவிட்டேன். தட்டுமேடு என்றால் என்ன என்று ஒன்பதாம் பக்கத்திலேயே வாசகர் பார்த்துவிடுகிறார், பின்னால் எதற்கு அகராதி? வழக்குச் சொல்லுக்கு என்று தனியாக வேண்டுமானால் கி.ரா.வின் கரிசல் அகராதி இருக்கிறது, என் மேஜையில் எப்போதும் இருக்கும் புத்தகம் அது.

அச்சு விவரம் கேட்பவர்களுக்கு: டெமி அளவு, 80 ஜிஎஸ்எம், வெள்ளை இல்லாமல் லேசான மஞ்சள் தாள், முதல் பதிப்பு 300 பிரதி. தாள் நன்றாக வந்திருக்கிறது, முதுகுப்பசைதான் கொஞ்சம் இறுக்கம், 187ஐத் திறந்து வைத்தால் தானாக மூடிக்கொள்கிறது. எழுதியது வழக்கம்போல இரண்டு குயர் நீள நோட்டில், நான் வாங்கும் பஜார் கடையில் இப்போது அந்தக் கோடு போடாத வகை வருவதில்லை, யாருக்காவது வேறு கடை தெரிந்தால் சொல்லுங்கள். அடுத்த நாவலுக்குக் குறைந்தது ஐந்து நோட்டு வேண்டும்.

ஆமாம், அடுத்தது ஆரம்பித்துவிட்டேன். உடன்குடிப் பக்கம், பனையேறிகள், கருப்பட்டி காய்ச்சும் பெண்கள். பதநீர் காலம் வந்ததும் போய் உட்காரப்போகிறேன். அங்கே மரியாதைப் பன்மை வீட்டுக்கு வீடு எப்படி மாறுகிறது என்று இப்போதே இரண்டு பக்கம் குறிப்பு இருக்கிறது.

அதற்கு முன்னால் ஒரு வேலை. ஆறுமுகநேரி அக்காவுக்கு முதல் பிரதி. அவருக்குப் படிக்க வராது, அதனால் ஞாயிற்றுக்கிழமை நானே போய் 187ஆம் பக்கத்தை வாசித்துக் காட்ட வேண்டும். முருங்கைக்கீரை நான் வாங்கிக்கொண்டு போகிறேன்.