எங்கள் மேட்டில் தீத்தடுப்புக் கோடு எரித்த அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் மிட்லண்ட்ஸில் ஜூன் என்றால் குளிர்காலம், மலைச்சரிவெல்லாம் வைக்கோல் நிறம். இரவில் உறைபனி, பகலில் சுள்ளென்று வெயில். புல்லைக் கையில் கசக்கினால் பொடியாகிவிடும். உள்நாட்டு மலைகளிலிருந்து கடலை நோக்கி இறங்கும் அனல்காற்றை இங்கே பெர்க் காற்று என்கிறார்கள். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று நம்மூரில் சொல்வோம். இங்கே அதே ஆடி மாதத்தில் இந்தக் காற்று தீப்பொறியைத் தூக்கிக்கொண்டு பறக்கும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து கொஞ்ச தூரத்தில், ஒரு மேட்டில் எட்டுக் குடும்பங்கள் இருக்கிறோம். மூன்று தமிழ்க் குடும்பங்கள். மற்றவர்கள் ஜூலுக்காரர்கள், வெள்ளைக்காரர்கள். மேலே யூகலிப்டஸ் தோட்டம், கீழே சாலை, நடுவில் இடுப்பளவு புல். மூன்று வருடங்களுக்கு முன் சாலையோரம் பற்றிய தீ அரை மணி நேரத்தில் எங்கள் கோழிக்கூண்டை எரித்துவிட்டு மேலே ஏறியது. எட்டு வீட்டுக்காரர்களும் ஆளுக்கொரு வாளியோடு ஆளுக்கொரு திசையில் ஓடினோம். மறுநாள் சாம்பலில் நின்றுகொண்டுதான் இனி சேர்ந்து ஏதாவது செய்ய வேண்டும் என்று பேச ஆரம்பித்தோம்.

என் அத்தை கரும்புத் தோட்டத்தில் வளர்ந்தவர். வெட்டுக்கு முன் கரும்பை எரிப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர். "கரும்புத் தீ வேற, புல்லுத் தீ வேற கண்ணு. கரும்பு நின்ன இடத்துல எரியும். புல்லு ஓடும்" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் எங்களை முறையாகக் கற்றுக்கொள்ள வைத்தது.

முதலில், நிலச் சொந்தக்காரர்கள் கூடி நடத்தும் தீப் பாதுகாப்புச் சங்கத்தில் சேர்ந்தோம். 1998-ஆம் ஆண்டின் தேசிய புல்வெளி, காட்டுத்தீச் சட்டப்படி, தீ வர வாய்ப்புள்ள நிலத்தை வைத்திருப்பவர் எல்லையில் தீத்தடுப்புக் கோடு, அதாவது தீ தாண்டாதபடி முன்கூட்டியே புல்லை எரித்தோ வெட்டியோ வைக்கும் பட்டை, போட்டே ஆக வேண்டும். நம் நிலத்தில் கிளம்பிய தீ பக்கத்து நிலத்துக்குப் போய் வழக்கு வந்தால், கவனக்குறைவு இல்லை என்று நாம்தான் நிரூபிக்க வேண்டும். சங்க உறுப்பினருக்கு அந்தச் சுமை கிடையாது. இதைச் சொன்ன பிறகுதான் தயங்கிய இரண்டு வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டம், அக்கம்பக்கத்தாரோடு நாள் குறிப்பது. ஒரு துண்டு நிலத்தின் சொந்தக்காரர் ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கிறார், போனை எடுக்கவே மாட்டார். ஒத்து வராவிட்டால், எரிக்கப்போகும் நாளைச் சொல்லி குறைந்தது 14 நாள் முன்பு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. அப்படியே அனுப்பினோம். பத்தாம் நாள் அவரே கூப்பிட்டு, தன் பங்குக்கு இரண்டு ஆள் அனுப்புவதாகச் சொன்னார்.

டிரேசர் வேலை அதற்கு முன்பே, மார்ச்சில், புல் பச்சையாக இருக்கும்போதே தொடங்கிவிட்டது. எரிக்கப்போகும் பட்டையின் இரு ஓரமும் ஒல்லியான கோடாகக் களைக்கொல்லி அடித்துப் புல்லைக் காயவிட்டு, சுற்றிலும் பச்சை இருக்கும்போதே அந்தக் கோட்டை மட்டும் எரித்துவிடுவது. குளிர்காலத்தில் நடுப்பட்டையை எரிக்கும்போது தீக்கு இருபுறமும் கரை இருக்கும். உயர் மின்கம்பிக்குக் கீழே இருந்த பகுதியில் தீயே வைக்கவில்லை. அடர்ந்த புகை வழியாக மின்சாரம் தரைக்குப் பாயும் ஆபத்து உண்டு என்றார்கள், அதனால் அங்கே வெட்டித் தள்ளினோம்.

ஜூனில் குறித்த முதல் நாள் காலை எல்லாரும் கூடிவிட்டோம். ஆறு மணிக்கே பெரிய பானையில் டீ போட்டிருந்தேன். அன்றைய தீ அபாயக் குறியீடு ஆரஞ்சு. அபாயம் ஏற ஏற நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று ஐந்து நிறம். ஆரஞ்சு வந்தால் திறந்தவெளியில் தீக்குச்சி கிழிப்பதையே நினைக்கக் கூடாது. "காத்தே இல்லையே, முடிச்சிடலாம்" என்றார் ஒருவர். எங்கள் மேட்டில் மூத்தவரான ஜூலுப் பெரியவரை எல்லாரும் பாபா என்றுதான் கூப்பிடுவோம். அவர் வாயே திறக்கவில்லை, தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிட்டார். நாங்களும் கலைந்தோம். பதினொரு மணிக்குக் காற்று தகரக் கூரையைத் தடதடவென்று ஆட்டியது. அன்று எரித்திருந்தால் என்ற நினைப்பு இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

ஒன்பது நாள் கழித்துப் பச்சை கிடைத்தது. எரிப்பை முன்னின்று நடத்தச் சங்கத்திலிருந்து வந்த தீத் தலைவர் முதலில் பார்த்தது எங்கள் உடையைத்தான். என் நாத்தனார் மகன் நைலான் ஃபுட்பால் ஜெர்சியில் வந்திருந்தான். நைலான் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும் என்று திருப்பி அனுப்பினார். அவன் போய்த் தன் அப்பாவின் பழைய பருத்திச் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிவந்தான். பிறகு வரிசையாகப் புல்லுக்குள் நடந்து கினிக்கோழிகளைக் கலைத்துவிட்டோம். பனி உலர்ந்ததும் ஒரு மூலையில் சின்னதாகக் கொளுத்திப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது, சுவாலை எவ்வளவு உயரம் என்று பார்த்தார்கள். சரி என்றதும், காற்று போகிற பக்கத்து ஓரத்திலிருந்து, காற்றுக்கு எதிராகத் தீ ஊர்ந்து வரும்படி, எரியும் எண்ணெயைச் சொட்டும் டிரிப் டார்ச் என்ற கைக்கருவியால் சொட்டிக்கொண்டே போனார்கள். டீசல் கூடுதல், பெட்ரோல் குறைவாகக் கலந்த அந்தத் துளிகள் புல்லில் விழுந்ததும் புஸ்ஸென்று பற்றும். எதிர்காற்றில் தீ முழங்கால் உயரத்துக்கு மேல் எழவில்லை. நான் தீயணைக்கும் ரப்பர் மட்டையோடு டிரேசர் ஓரத்தில் நின்றேன். மட்டையை ஓங்கி அடித்தால் பொறி தெறிக்கும். மெதுவாக அழுத்தித் தேய்க்க வேண்டும். இதைக் கற்றுத்தந்தது பாபாவின் பேத்தி. தண்ணீர்த் தொட்டி ஏற்றிய பக்கி (இங்கே பிக்கப் வண்டியை அப்படித்தான் சொல்வார்கள்) எங்கள் பின்னாலேயே ஊர்ந்து வந்தது.

இரண்டரை மணிக்குக் கடைசிச் சுவாலையும் படுத்துவிட்டது. நாங்கள் தப்புச் செய்தது அதற்குப் பிறகுதான். அலுப்பு. ஓரத்தில் நின்ற வாட்டில் என்ற மரத்தின் ஒரு அடிக்கட்டையில் புகை இல்லை என்று பார்த்தோமே தவிர, யாரும் கை வைத்துப் பார்க்கவில்லை. இரவு ஒன்பதரைக்கு அத்தைதான் ஜன்னல் வழியாகச் சிவப்பைப் பார்த்தார். வேருக்குள்ளேயே கனன்று வேலிக்கம்பத்தைப் பிடித்திருந்தது. நல்லவேளை, காற்றில்லை. எட்டு வீட்டிலிருந்தும் டார்ச் லைட்டோடு வந்து, தோண்டி, தண்ணீர் ஊற்றி, சேறாகக் குழைத்துவிட்டுத்தான் போனோம். நான்கு கம்பங்கள் போயின. இப்போது எரித்த மறுநாள், அதற்கு மறுநாள் என்று முறைபோட்டு நடக்கிறோம். ஒவ்வொரு கட்டையின் அருகிலும் புறங்கையை நீட்டிச் சூடு பார்த்த பிறகே பட்டியலில் கோடு அடிப்போம்.

போன ஆடியில், கோவிலில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிவிட்டுத் திரும்பும்போதே கீழே சாலையில் புகை. பெர்க் காற்று. கருகிய பட்டை மட்டும் அந்தத் தீயை நிறுத்தவில்லை. பொறிகள் இரண்டு இடத்தில் தாண்டி விழுந்தன. ஆனால் இந்த முறை யாரும் திசைக்கொருவராக ஓடவில்லை. அந்தக் கரிய பட்டையில் வரிசையாக நின்றோம், தாண்டியதைத் தேய்த்து அணைத்தோம். கூழ்ப் பானை பக்கியிலேயே இருந்தது. இருட்டிய பிறகு பாபா இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தார்.

அடுத்த டிரேசர் மார்ச் இரண்டாம் வாரம். களைக்கொல்லி வாங்கும் முறை இந்த வருடம் எங்கள் வீட்டுக்கு.