கையுறைக் காலம்

ஜனவரி 9, செவ்வாய்

பர்லெஸ்க் கிளாஸுக்குப் போய்விட்டேன். ஆடையை நிதானமாகக் கழற்றிக்கொண்டே, கேலியும் சிரிப்புமாக ஆடும் மேடையாட்டம். பப் வாசல்வரை போய்த் திரும்பிவிடுவேன் என்றுதான் பஸ்ஸில் நினைத்துக்கொண்டே இருந்தேன். மாடியறையில் பீர் வாடை, ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, பதினோரு பெண்கள். எதற்காக வந்தீர்கள் என்று டீச்சர் கேட்டதும் ஒவ்வொருவரும் உடம்பில் ஒரு இடத்தைச் சொன்னார்கள். வயிறு. தொடை. ஆபரேஷன் தழும்பு. இரட்டைக் குழந்தைகளுக்குப் பிறகு தொங்கிப்போன தோல். என் முறை வந்தது. ஆட வேண்டும் என்று மட்டும் சொன்னேன். இரண்டு கையும் கோட்டுப் பைக்குள்.

இன்று வெறும் நடைதான். ஒரு மணி நேரம் நடந்தோம். மார்பை நிமிர்த்தி, பார்வை தரையில் விழாமல். இப்படி நடந்து எத்தனை வருஷம் ஆயிற்று.

ஜனவரி 11

விளக்குப் பெட்டி, வெண்புள்ளிக்கான ஒளிச் சிகிச்சை. மூன்று நிமிடம் ஐந்து விநாடி. முகமும் கழுத்தும் நன்றாகக் கேட்கின்றன, கைதான் கடைசியில் கேட்கும் என்றார் நர்ஸ். கேட்காமலும் போகலாம் என்பதை இன்று சொல்லவில்லை.

ஜனவரி 15, பொங்கல்

பால் பொங்கும் நேரம் பார்த்து அம்மா வீடியோவில் வந்தாள். "காட்டுடி, காட்டுடி." காட்டினேன். கரண்டி பிடித்த கை திரையில் வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சித்தி பக்கத்துல இருக்கா, கையக் கீழ வை." வைத்தேன். பொங்கல் அடிப்பிடித்துவிட்டது.

ஜனவரி 16, செவ்வாய்

டீச்சர் ஒரு பை நிறைய நீளக் கையுறைகள் கொண்டுவந்தார். சாட்டின், முழங்கைக்கு மேல்வரை. கறுப்பு ஜோடி எடுத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி மாட்டினேன்.

கையுறை கழற்றுவது எனக்குப் புதிதல்ல. லேபில் ஒரு நாளைக்கு முப்பது தடவை கழற்றுகிறேன். மணிக்கட்டில் பிடித்து, உட்புறம் வெளியே வரும்படி ஒரே இழுப்பு, வெளிப்பக்கம் தோலில் படாமல் நேராகக் குப்பைத் தொட்டிக்குள். மூன்று விநாடி. இங்கே எல்லாம் தலைகீழ். முதலில் மேல்விளிம்பை வருடிவிட்டு அப்படியே விட்டுவிடுவது. அப்புறம் சுண்டுவிரல் நுனியை லேசாக இழுத்துத் தளர்த்துவது. நிறுத்துவது. அடுத்த விரல். ஐந்தும் தளர்ந்த பிறகு நடுவிரல் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு, துணியை இழுக்காமல் கையை உருவிக்கொள்ள வேண்டும். 1930களில் அமெரிக்காவில் ஜிப்ஸி ரோஸ் லீ இந்த நிதானத்திலேயே பெயர் எடுத்தவராம். அவர் கழற்றியது கொஞ்சம்தான், பேசிச் சிரிக்கவைத்துக் காக்கவைத்ததுதான் அதிகம்.

மற்றவர்களுக்கு இது லேசான பாடம். கைதானே, வயிறு இல்லையே என்ற நிம்மதி எல்லார் முகத்திலும் தெரிந்தது. நான் முழங்கைவரை இறக்கினேன். மணிக்கட்டுவரை இறக்கினேன். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். நின்றது கடைசி வரிசையில். யாரும் சொல்லாமல் நானே போய் நின்ற இடம்.

ஜனவரி 17

டீச்சர் பார்த்தாரா?

ஜனவரி 18

பார்த்திருப்பார். கண்ணாடி இருக்கிற அறை.

ஜனவரி 23, செவ்வாய்

இடுப்புச் சுழற்சி. கீழ்முதுகு எரிகிறது, நல்ல எரிச்சல்.

மூச்சுவிடும் நேரத்தில் டீச்சர் கதை சொல்வார். பர்லெஸ்க் அமெரிக்காவில் பிறந்தது என்று நினைத்திருந்தேன். 1868இல் லிடியா தாம்ஸன் என்ற நடிகை இங்கே இங்கிலாந்திலிருந்து தன் குழுவை நியூயார்க்குக்குக் கூட்டிப்போய், பெண்களுக்கு ஆண் வேஷம் கட்டி, இறுக்கமான காலுறையில் கால் தெரியக் கேலி நாடகம் போட்ட பிறகுதான் அங்கே தீப்பிடித்ததாம். லண்டன் சோஹோவில் இருந்த விண்ட்மில் தியேட்டர் கதையையும் சொன்னார். 1932இல் அங்கே பாட்டும் ஆட்டமும் நகைச்சுவையும் கலந்த இடைவிடாத ரெவ்யூ காட்சிகள் தொடங்கின. மேடைக்கு அனுமதி தரும் அதிகாரம் அரண்மனை அதிகாரியான லார்ட் சேம்பர்லின் கையில். அவர் விதிப்படி ஆடையில்லாத பெண் மேடையில் நிற்கலாம், அசையக் கூடாது. சிலை என்றால் ஆட்சேபம் இல்லை. அந்த அதிகாரத்தை 1968இல்தான் சட்டம் போட்டு எடுத்தார்கள்.

அசையாமல் நிற்பது எனக்கு நன்றாகத் தெரியும். லிஃப்டில், குரூப் போட்டோவில், பில் கவுண்டரில். அசைந்தால் ஸ்வெட்டர் மேலேறும். இன்று இரவு முழுக்க அந்தப் பெண்கள்தான் மனதில். மூக்கு அரித்தால் என்ன செய்திருப்பார்கள்? குளிரில் உடம்பு நடுங்கினால்?

ஜனவரி 27, சனி

கிரேட் விண்ட்மில் தெருவுக்குப் போய் அந்தக் கட்டடத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டாம் உலகப்போர்க் குண்டுவீச்சு நாட்களிலும் காட்சி நடந்த இடம். மழை. எதிர்ப்பக்கம் கொஞ்ச நேரம் நின்றேன். கையில் கம்பளிக் கையுறை. குளிர்காலத்தில் யாரும் எதுவும் கேட்பதில்லை, அதனால்தான் ஜனவரியில் சேர்ந்தேன். இதை எழுதும்போதுதான் எனக்கே தெரிகிறது.

ஜனவரி 30, செவ்வாய்

போகவில்லை.

ஜனவரி 31

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சஸ்பெண்டர் பெல்ட்டை, காலுறையைப் பிடித்துக்கொள்ளும் இடுப்பு வாரை, கட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் பழகினேன். கழற்றியபோது இடுப்பைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு. அன்றிலிருந்து தூக்கம் இல்லை. உரசுகிற இடத்தில், கீறின இடத்தில் வெண்புள்ளி புதிதாக வரும். இதற்குக் கோப்னர் என்று பெயர். என் வலது முழங்காலில் இருப்பது சைக்கிளிலிருந்து விழுந்து வந்தது. தோளில் இருப்பது ஹேண்ட்பேக் வாரால் வந்ததோ என்று இன்றும் சந்தேகம். இப்போது நானே காசு கொடுத்து எலாஸ்டிக் வாங்கி இடுப்பில் இறுக்கிக்கொள்கிறேன். இரவு டார்ச் அடித்துப் பார்க்கிறேன். காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்கிறேன். கோடு மங்குகிறது. மங்குவது என்றால் பழைய நிறத்துக்குப் போகிறதா, நிறமே போகிறதா? பதினேழு வருஷமாக என் உடம்பை எதிரியின் வரைபடம் பார்க்கிற மாதிரிப் பார்த்து வந்திருக்கிறேன். இந்த எல்லை எவ்வளவு நகர்ந்தது, எந்த ஊர் போனது என்று. கையில் இனிப் போக ஊர் இல்லை. இடுப்பும் வயிறும் இன்னும் முழுசாக இருக்கின்றன. அவற்றைப் பணயம் வைத்துத்தான் இதைக் கற்க வேண்டுமா.

பிப்ரவரி 1

நர்ஸிடம் கேட்டுவிட்டேன். எதற்கு என்றும் சொல்லிவிட்டேன். சிரிக்கவில்லை. பெல்ட்டைத் தளர்வாகக் கட்டு, உள்ளே பருத்தித் துணி வை, டேப் ஒட்டினால் பிய்த்து எடுக்காதே, எண்ணெய் தடவி ஊறவிட்டு எடு. இன்று பெட்டிக்குள் மூன்று நிமிடம் முப்பது விநாடி.

பிப்ரவரி 6, செவ்வாய்

வெறுங்கையோடு உள்ளே போனேன். எல்லாரும் வந்து உட்காரும்வரை பொறுத்திருந்து, கையை முன்னால் நீட்டி, என் இடம் இதுதான் என்றேன்.

பஸ் டிரைவர் அக்கா (இப்போது ரிட்டயர்டு) என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். வலிக்குமா என்றார். இல்லை, வெயிலில் சீக்கிரம் பொசுங்கும் என்றேன். சரி என்றவர், முதுகைக் காட்டி கோர்செட் கயிற்றை இழுத்துக் கட்டச் சொன்னார். கட்டினேன்.

டீச்சர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அப்படியானால் கறுப்பு வேண்டாம், அடர்பச்சை போடு, கறுப்பிலிருந்து வந்தால் மேடை விளக்கில் விரல் வெடுக்கென்று வெளுத்துத் தெரியும், பச்சையிலிருந்து மெதுவாக வரும் என்றார். என் கையைப் பற்றி டாக்டர் அல்லாத ஒருவர் இவ்வளவு அக்கறையாகப் பேசியது இதுதான் முதல் தடவை.

பிப்ரவரி 8

கடையில் மீதிச் சில்லறையை என் கையில் தராமல் மேஜைமேல் வைத்தாள். நம் ஊர்ப் பெண்தான். கொத்தமல்லிக் கட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை நடந்தது எல்லாம் பொய்.

பிப்ரவரி 13, செவ்வாய்

குஞ்சலம்! மார்புக் காம்பை மூடும் சின்ன வட்டம், நடுவில் தொங்கும் குஞ்சலம், விக் ஒட்டும் இருபக்க டேப். இன்று பனியன்மேல் ஒட்டித்தான் பழகினோம். மார்பை ஆட்டினால் சுற்றாது. முழங்காலைத் தளர்த்திக் குதிகாலில் மெல்லத் துள்ளினால் தானாகச் சுற்றுகிறது. இருபது நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை, திடீரென்று இடதுபக்கம் சுற்றியது, கத்திவிட்டேன். எல்லாரும் ஓடிவந்து பார்த்தார்கள். வீடுவரை நடந்தே வந்தேன்.

பிப்ரவரி 15

மேடைப் பெயர் கேட்கிறார்கள். டோனி எல்லிங் என்ற கறுப்பின நடனக்காரி தன் பெயரை ஜாஸ் இசைக்காரர் டியூக் எல்லிங்டனை நினைத்து வைத்துக்கொண்டாராம். எனக்குத் தாத்தா வீட்டு வரப்பு ஞாபகம் வந்தது. தும்பைப்பூ மாதிரி வெள்ளை என்று வேட்டியைத்தான் சொல்வார்கள், என்னைச் சொன்ன வார்த்தை வேறு. அதை இங்கே எழுத மாட்டேன். பழைய பாட்டுகளில் நேருக்கு நேர் போருக்குப் போகிறவர்கள் சூடுவது தும்பை.

தும்பை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

என் பாட்டு இரண்டு நிமிடம் நாற்பது. அதில் இரண்டு கையுறைக்கே ஒன்றரை நிமிடம். டீச்சர் ஒத்துக்கொண்டார்.

வலதுகை வெளியே வந்ததும் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றபோது கை தானாக அலபத்மம் பிடித்தது, பரதநாட்டியத்தில் மலர்ந்த தாமரைக்கான முத்திரை. சுண்டுவிரலில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக விரிந்தது. பதினாலு வயசுக்கப்புறம் பிடிக்காத முத்திரை. அந்த வருஷம் விரல் நுனி வெளுத்ததும் டான்ஸ் மிஸ் ஆல்தாவை, ஆடும்போது கைக்குப் பூசும் சிவப்புச் சாயத்தை, கெட்டியாகப் பூசிவிட்டார். பூச்சு மணிக்கட்டுவரை தேவைப்பட்டபோது கடைசி வரிசைக்குப் போகச் சொன்னார். அப்புறம் நானே நின்றுவிட்டேன். கை எதையும் மறக்கவில்லை.

பிப்ரவரி 24, சனி

அம்மாவிடம் டான்ஸ் கிளாஸ் போகிறேன் என்றேன். பழையபடியா என்றாள். இல்லம்மா, வேற மாதிரி. ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "சலங்கை பரண்லதான் இருக்கு, நான் யாருக்கும் குடுக்கல" என்றாள்.

பிப்ரவரி 27, செவ்வாய்

முதல் வரிசை. டீச்சர் சொல்லவில்லை.

மார்ச் 2, சனி

இன்று மேடை. நாலாவது ஆள் நான். பஸ் டிரைவர் அக்கா என் முதுகுக் கொக்கியை மாட்டிவிட்டு, தன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். கை வியர்க்கிறது, பச்சைத் துணி ஒட்டுகிறது.

மார்ச் 4, திங்கள்

விளக்குப் பெட்டிக்குள் போகுமுன் நர்ஸ் என் கழுத்தில் மினுக்கைக் கண்டுபிடித்து, கழுவிவிட்டு வரச் சொன்னார். தோலில் எதுவும் இருக்கக் கூடாது. இரண்டு நாளாகக் குளித்தும் போகவில்லை.

சனிக்கிழமை மேடையில் இடது கையுறை கட்டைவிரலில் மாட்டிக்கொண்டது. வியர்வைதான். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இழுக்கவில்லை. விரலை மடக்கி நீட்டிக் காத்திருந்தேன், அறுபது எழுபது பேரும் என்னோடு காத்திருந்தார்கள். அப்படி ஒரு அமைதி. வந்தது. விரித்தேன்.

அதற்கப்புறம் என்ன ஆடினேன் என்று ஞாபகமே இல்லை.

அக்கா போட்டோ அனுப்பியிருக்கிறார். ஒன்றில் கையுறையோடு இருக்கிறேன், ஒன்றில் இல்லாமல். இரண்டிலும் கழுத்துக்குக் கீழே வெட்டிவிடலாம். அம்மாவுக்கு எதை அனுப்புவது என்று மத்தியானத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அங்கே இப்போது ராத்திரி பத்தரை. தூங்கியிருக்க மாட்டாள்.