அலைக்கற்றையில் சமபங்கு என்றால், எதில் சமம்?

வயர்லெஸ் இன்டர்நெட் நிறுவனங்களுக்கு அலைக்கற்றையை, அதாவது டேட்டா காற்றில் போகும் ரேடியோ அலைவரிசைகளை, சமமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று யாராவது பேச ஆரம்பித்தால், எதில் சமம் என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றும். கருவிகள் பேச, அதாவது டேட்டா அனுப்ப, எத்தனை முறை வாய்ப்பு கிடைக்கிறது என்பதிலா, பேசும் நேரத்திலா, போய்ச் சேரும் டேட்டாவிலா? ஒன்றைச் சமமாக்கினால் மற்றது கோணலாகிவிடும்.

வைஃபையையே எடுத்துக்கொள்வோம். மலேசியாவில் அது ஓடும் அலைவரிசைப் பட்டைகள் 'வகுப்பு ஒதுக்கீடு' என்ற கணக்கில் வருகின்றன. தொடர்பு பல்லூடக ஆணையம் போட்ட நிபந்தனைகளுக்குள் இருந்தால் போதும், தனி விண்ணப்பமும் இல்லை, கட்டணமும் இல்லை. யாருக்கும் சொந்தமில்லாத இடம் என்பதால் கருவிகளுக்குள் ஒரு மரியாதை விதி இருக்கிறது: பேசுவதற்கு முன் கேள், வேறு யாராவது பேசினால் பொறு, அவர் முடித்த பிறகும் கொஞ்சம் காத்திருந்து அப்புறம் பேசு. 1971-ல் ஹவாயில் அலோஹாநெட் என்ற ரேடியோ வழிக் கணினி நெட்வொர்க் ஓடியபோது இதுகூடக் கிடையாது. நினைத்தபோது அனுப்பு, மோதினால் திரும்ப அனுப்பு, அவ்வளவுதான். அப்படிச் செய்தால் அலைவரிசையில் அதிகபட்சம் சுமார் 18 விழுக்காடுதான் உருப்படியாகப் பயன்படும் என்பது கணக்கு.

ஆக, கேட்டுவிட்டுப் பேசுவது நல்ல விஷயம்தான். ஆனால் அது சம வாய்ப்பைத்தான் தருகிறது, சம நேரத்தை அல்ல. 1500 பைட் பாக்கெட் (ஒரு தடவை அனுப்பும் டேட்டாத் துண்டு) ஒன்றை 300 மெகாபிட் வேகத்தில் அனுப்ப 0.04 மில்லிவினாடி போதும். மூன்று சுவர் தாண்டி 6 மெகாபிட்டில் திணறும் பழைய போன் அதே பாக்கெட்டை அனுப்ப 2 மில்லிவினாடி எடுத்துக்கொள்ளும், அதாவது 50 மடங்கு. மாறி மாறி ஆளுக்கு ஒருமுறை என்றால் வேகமானவரும் மெதுவானவர் வேகத்துக்கே இறங்கிவிடுவார். மாமாக் கடையில் ஒரே ஒரு தே ஓ ஐஸை (பால் இல்லாத ஐஸ் டீ) வைத்துக்கொண்டு பந்து ஆட்டம் முடியும்வரை மேசையை விடாத ஆளும், 'ஆளுக்கு ஒரு ஆர்டர்' கணக்கில் ஒழுங்கானவர்தானே! புதிய ரவுட்டர்கள் பலவற்றில் 'ஆளுக்கு ஒருமுறை' கணக்கை விட்டுவிட்டு நேரத்தை எண்ணிப் பிரிக்கும் வசதி இருக்கிறது. எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது.

மரியாதை விதிக்கு இன்னொரு ஓட்டையும் உண்டு. செந்தூலில் எங்கள் அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுப் பையன் ஒருநாள் தன் வைஃபை சேனலைப் பற்றிப் பெருமையாகச் சொன்னான்: "அண்ணே, 1, 6, 11 எல்லாத்துலயும் கூட்டம். 3 காலியா கிடந்துச்சு, மாத்திட்டேன்." 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி, ஒவ்வொன்றின் அகலமோ 20. அவன் 3-ல் உட்கார்ந்தால் 1-ல் இருப்பவருக்கும் இரைச்சல், 6-ல் இருப்பவருக்கும் இரைச்சல். அதைவிட மோசம், அவர்களுடைய ரவுட்டர்களுக்கு அவன் பேசுவது பேச்சாகவே புரியாது, அதனால் அவனுக்காகப் பொறுக்கவும் மாட்டா. விளக்கிச் சொன்னேன். 3-ல் வேகமாகத்தான் இருக்கிறது என்றான், அதற்கு என்ன சொல்வது!

மொட்டைமாடிக்குப் போனால் இதே சண்டை பெரிய அளவில் நடக்கும். இரண்டு சிறிய இன்டர்நெட் நிறுவனங்கள் ஒரே கூரையில் 5 கிகாஹெர்ட்ஸ் ஆன்டெனா வைத்தால், ஒன்று கத்தும்போது இன்னொன்றுக்குத் தன் வாடிக்கையாளரின் மெல்லிய சிக்னல் காதில் விழாது. இதற்கு வழி இருக்கிறது: ஜிபிஎஸ் கடிகாரத்தை வைத்து எல்லா ஆன்டெனாவும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் கேட்பது. அதற்கு டவுன்லோடுக்கு எவ்வளவு, அப்லோடுக்கு எவ்வளவு என்பதில் இருவரும் ஒத்துப்போக வேண்டும். ஒருவருக்கு 75:25, மற்றவருக்கு 50:50 வேண்டும் என்றால் கதை அங்கேயே முடிந்தது.

சரி, அலைக்கற்றையை மொத்தமாக ஆளுக்கொரு துண்டு எழுதிக் கொடுத்துவிடலாமே என்றால், அதையும் பார்த்துவிட்டோம். 2007-ல் வைமேக்ஸ் என்ற வயர்லெஸ் இன்டர்நெட் தொழில்நுட்பத்துக்காக 2.3 கிகாஹெர்ட்ஸ் பட்டையை நான்கு நிறுவனங்களுக்குக் கொடுத்தார்கள், தீபகற்பத்துக்கு மூன்று, சபா சரவாக்குக்கு ஒன்று. பிறகு உலகமே எல்டிஇ (4ஜி) பக்கம் போய்விட்டது. 5ஜிக்கு நேர் எதிராக, 2021-ல் டிஎன்பி என்ற ஒரே நிறுவனம் கட்டி எல்லோருக்கும் மொத்த விலையில் விற்கட்டும் என்றார்கள். 2023-ல் இரண்டு நெட்வொர்க் என்று மாற்றி, 2024 நவம்பரில் இரண்டாவதற்கு யூ மொபைலைத் தேர்ந்தெடுத்தார்கள். துண்டு போடுவது, ஒன்றாகச் சேர்ப்பது, மறுபடி பிரிப்பது. சும்மா கிடக்கும் பட்டையை என்ன செய்வது என்ற கேள்விக்கு இதில் எதுவும் பதில் இல்லை.

எனக்குப் பிடித்தது அமெரிக்காவில் 3550 முதல் 3700 மெகாஹெர்ட்ஸ் வரை செய்திருப்பது. முதலிடம் கடற்படை ரேடாருக்கு, அடுத்தது ஏலத்தில் எடுத்தவருக்கு, மிச்சம் யாருக்கு வேண்டுமானாலும். ஏலத்தில் எடுத்தவர் ஓர் இடத்தில் பயன்படுத்தவில்லை என்றால், அவர் வரும்வரை அங்கே மற்றவர் ஓட்டிக்கொள்ளலாம். எந்தக் கருவி எந்த அலைவரிசையில் பேசலாம் என்பதை ஒரு கணினி அமைப்பு சொல்லிக்கொண்டே இருக்கும்.

கோலாலம்பூரில் சும்மா கிடக்கும் பட்டை அதிகம் தேறாது என்று நினைக்கிறேன். நான் யோசிப்பது தோட்டப்புறங்களைப் பற்றி. பத்துப் பதினைந்து லயத்து வீடுகளுக்காகப் பெரிய நிறுவனம் டவர் போட யோசிக்கும், அது வியாபாரம், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த இடத்தில் அதன் பட்டை காலியாகத்தானே கிடக்கிறது? பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் சின்னக் கம்பம் நட்டு லைன் கொடுக்க முன்வந்தால் கொடுக்கட்டும். பெரியவர் டவரோடு வரும் நாளில் ஆறு மாத நோட்டீஸ் கொடுத்து அவரைக் கிளப்பிக்கொள்ளட்டும்.