தில்லியில் நான் யாருக்கு வெளிநாட்டுக்காரி

கொழும்பிலிருந்து தில்லிக்கு விமானத்தில் ஏறக்குறைய மூன்றரை மணி நேரம். இறங்கியதும் கைக்கடிகாரத்தைத் திருத்தி வைக்கும் வேலைகூட இல்லை, இரு நாடுகளுக்கும் நேரம் ஒன்றே. தில்லிப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் முதுகலை படிக்க வந்து இப்போது இரண்டாம் ஆண்டு ஓடிக்கொண்டிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் "பிள்ளை வெளிநாட்டில் படிக்குது" என்று அம்மா சொன்னால் கேட்பவர் மனத்தில் லண்டனோ மெல்பர்னோ வந்து நிற்கும். தில்லி என்று தெரிந்ததும் "ஓ, இந்தியாவோ" என்று குரல் ஒரு படி இறங்கிவிடும். வெளிநாடுதான், சந்தேகமில்லை. ஆனால் இங்கே நான் வெளிநாட்டுக்காரி என்பது இரண்டு தரப்பாருக்கு மட்டுமே கண்ணில் படுகிறது: ஒன்று அரசு அலுவலகம், மற்றது தமிழர்.

அலுவலகத்தின் கதை காகிதத்தில் தொடங்குகிறது. 180 நாள்களுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் வருபவர் வந்திறங்கிய 14 நாள்களுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டும், விண்ணப்பம் இணையவழியில்தான். பதிவுக்கு முகவரிச் சான்று வேண்டும், சான்றுக்கு வாடகை ஒப்பந்தம் வேண்டும், ஒப்பந்தத்துக்கு வீட்டுக்காரர் மனம் வைக்க வேண்டும். வெளிநாட்டவரைக் குடிவைப்பவர் அந்த விவரத்தை 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதால் பலர் அந்தத் தலைவலியே வேண்டாம் என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். விஜய் நகரில் தரகர் காட்டிய வீடுகளில் வாடகை, முன்பணம், தண்ணீர் வரும் நேரம் எல்லாம் பேசி முடித்தபின் நான் கடவுச்சீட்டை எடுத்து வைத்தால், அந்த நிமிடமே வீட்டுக்காரரின் உறவினர் யாரோ குடிவருவதாக ஆகிவிடும். கடைசியில் வீடு கொடுத்த ஆன்ட்டியின் மகள் கனடாவில் படிக்கிறாள். அவர் என் கடவுச்சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மகள் அங்கே வீடு தேடி அலைந்த கதையைச் சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

வங்கிக் கணக்கும் அப்படியே. கணக்கு திறக்கும்வரை யுபிஐ கிடையாது. யுபிஐ இல்லாதவருக்கு இந்த நகரத்தில் ஒரு கோப்பைத் தேநீர் குடிப்பதே பெரும்பாடு. நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் கடைக்காரர் சில்லறை இல்லை என்று கியூஆர் அட்டையைக் காட்டுவார். அந்த வாரங்களில் என் தேநீருக்கெல்லாம் அறைத்தோழிதான் கைப்பேசியில் பணம் கட்டினாள். கணக்கை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். அவள் அதைப் பார்க்கவே மறுத்துவிட்டாள்.

அவள் திருநெல்வேலிக்காரி. ஆதார், வாக்காளர் அட்டை எல்லாம் உள்ள இந்தியக் குடிமகள். ஆனால் தெருவில் இறங்கினால் எங்கள் இருவருக்கும் வித்தியாசமே இல்லை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 1968 முதல் இருமொழிக் கொள்கை என்பதால், அவளும் என்னைப் போலவே இங்கே வந்துதான் ஹிந்தியைத் தொடங்கினாள். காய்கறி வண்டிக்காரர் சொல்லும் விலை "உன்சட்"டா "உன்ஹத்தரா", அதாவது 59ஆ 69ஆ என்று இருவரும் ஒன்றாக விழிப்போம். ஆட்டோக்காரருக்கு இருவரும் மதராசிகள்.

தமிழர் முன் வாயைத் திறந்தால்தான் என் குட்டு வெளிப்படுகிறது. ஐஎன்ஏ சந்தையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மா நான் பேசியதைக் கேட்டுத் திரும்பி, "நீங்க கேரளாவாம்மா?" என்றார். இல்லை, யாழ்ப்பாணம் என்றதும் அந்த இடத்திலேயே அரை மணி நேரம் விசாரணை நடந்தது. விசா அலுவலகத்தில்கூட என் குடும்பத்தைப் பற்றி அவ்வளவு கேட்டதில்லை.

அந்தச் சந்தைக்கு ஜிடிபி நகரிலிருந்து மஞ்சள் வழித்தட மெட்ரோவில் மாறாமலே போய்விடலாம். கறிவேப்பிலை, தேங்காய், நெத்தலி, கருவாடு எல்லாம் அங்கே கிடைக்கும். கிடைக்காதவை என் பெட்டியில் வந்தவை: வறுத்த சிவப்பரிசி மா, அம்மா வறுத்து அரைத்த கறித்தூள், புட்டு அவிக்கப் பனையோலையில் பின்னிய நீத்துப்பெட்டி. நெல்லைக்காரிக்குப் புட்டு என்றால் குழல்தான்; கூம்பு வடிவில் தொங்கும் இந்தப் பெட்டியை முதலில் கண்டபோது, "அக்கா, இது பூக்கூடையா?" என்று கேட்டாள். பானை வாயில் அதைச் செருகி, குழைத்த மாவையும் தேங்காய்ப்பூவையும் கலந்து நிரப்பி மூடினால், ஓலை சூடேறி எழும் வாசம் முதலில் வரும், மாவின் வாசம் பிறகு. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் சாம்பார் வைக்கிறாள், நான் சொதி வைக்கிறேன். எது புட்டுக்குப் பொருத்தம் என்ற தகராறில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

படிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வகுப்புகள் நடக்கும் தில்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வளாகத்தின் ஒளிநகல் கடை மீது, பாடத்தொகுப்புகளை நகலெடுத்து விற்றதற்காக ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகங்கள் உள்ளிட்ட மூன்று பதிப்பகங்கள் 2012இல் வழக்குத் தொடுத்தன. கல்விக்காக எடுக்கும் இத்தகைய நகல் பதிப்புரிமை மீறல் ஆகாது என்று தில்லி உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. ஒரு பருவத்துக்கான வாசிப்பை நூல்களாக வாங்குவதென்றால் என் உதவித்தொகை எந்த மூலைக்கு? ஒவ்வொரு தொகுப்பையும் கையில் வாங்கும்போது அந்தத் தீர்ப்பை நினைத்துக்கொள்கிறேன்.

நவம்பர் வந்தால் காற்று கெடுகிறது. பஞ்சாப், ஹரியானா வயல்களில் எரிக்கும் வைக்கோல் புகையும் நகரின் வாகனப் புகையும் காற்றோட்டமின்றித் தேங்கி, காற்றுத் தரக் குறியீடு 400ஐத் தாண்டும் நாள்களில் ஜன்னலைத் திறக்கவே முடியாது. ஜனவரியில் தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் வெள்ளைக் கட்டியாகிவிடும். மொட்டைமாடி வெயிலில் வைத்து உருக்கினால்தான் தலைக்கு எண்ணெய். நல்லூரில் வளர்ந்த எனக்குக் குளிர்காலத்தில் ஆர்.கே.புரத்து மலை மந்திருக்குப் போய் முருகனைக் கும்பிட்டுவிட்டு வெயிலில் உட்கார்ந்திருப்பது பிடிக்கும். அதே ஆர்.கே.புரத்தில்தான் 1946இல் தொடங்கிய தில்லித் தமிழ்ச் சங்கமும் இருக்கிறது, வெளிநாட்டவர் பதிவு அலுவலகமும் இருக்கிறது.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது கணக்கு தலைகீழாகிறது. அறைத்தோழிக்கு நிஜாமுதீனிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் ஓடும் திருக்குறள் எக்ஸ்பிரஸ். ரயிலிலேயே இரண்டு இரவுகள் கழியும். எனக்கோ கொழும்புக்கு விமானம், அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு இரவு பஸ். ஒரே நாளில் புறப்பட்டால் வெளிநாட்டுக்காரியான நான்தான் முதலில் வீட்டில் இருப்பேன், அவளைவிடப் பல மடங்கு செலவழித்து. முன்பதிவு 60 நாள்களுக்கு முன்பே திறந்துவிடுவதால் அவள் டிசம்பருக்கு இப்போதே படுக்கை எடுத்துவிட்டாள். பரீட்சை அட்டவணை வெளியாகும்வரை நான் விமானச் சீட்டு எடுக்கப்போவதில்லை.