எட்டாம் நம்பர் ஷூ

பராமரிப்புப் பிரிவில் சேர்ந்த முதல் நாள் எனக்குக் கிடைத்த சேஃப்டி ஷூ எட்டாம் நம்பர். என் கால் நான்கு. "வந்ததுலயே சின்னது இதுதான் மேடம்" என்றார் ஸ்டோர்கீப்பர். அவர் பொய் சொல்லவில்லை. இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டுக்கொண்டு ஏழு மாதம் ஏணி ஏறினேன். கையுறையும் அப்படித்தான், விரல் நுனியில் ஒரு அங்குலம் வெறுமனே தொங்கும். சுழலும் தண்டில் அது சிக்கினால் கையையும் இழுத்துக்கொள்ளும் என்று மெஷின் ஷாப்பில் ஒரு வாரம் நின்றவருக்கே தெரியும்.

தொழிற்சாலையில் பெண்களுக்கு என்ன தடை என்று கேட்பவர்கள், யாராவது ஏதாவது சொன்னார்களா என்றுதான் காது கொடுக்கிறார்கள். சொன்னார்கள்தான். பேச்சுக்குப் பதில் பேசலாம். ஷூவோடு எப்படி வாதாடுவது?

பெண்கள் சுரங்கத்துக்குள் இறங்கக் கூடாது என்றது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1935 உடன்படிக்கை. தொழிற்சாலையில் இரவு வேலை கூடாது என்றது 1948 உடன்படிக்கை. எல்லாம் பாதுகாப்பின் பெயரால். இரவு வேலையின் கெடுதல் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது என்ற கோணத்தில் புது உடன்படிக்கை வர 1990 ஆயிற்று. எங்கள் ஃபோர்மேனுக்கு அந்தச் சேதி எட்டவில்லை. நைட் ஷிஃப்ட் பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டு, "உங்க நல்லதுக்குத்தான்மா" என்பார். பம்புகள் பெரும்பாலும் ராத்திரியில்தான் மக்கர் செய்யும். வேலை படிவதும் அப்போதுதான். சண்டை போட்டுத்தான் அந்த ஷிஃப்டை வாங்கினேன்.

ஒருநாள் 80 கிலோ மோட்டார் ஒன்றை இறக்க வேண்டியிருந்தது. வழக்கமாக ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கிவிடுவார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "என்னால முடியாது, செயின் பிளாக் எடுத்துட்டு வாங்கண்ணே" என்றேன். சங்கிலியை இழுத்துப் பாரத்தைத் தூக்கி இறக்கும் கருவி அது. சிரிப்பு. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் (NIOSH) 1991இல் திருத்திய கணக்கில், எல்லாம் சாதகமாக இருந்தாலே ஒருவர் தூக்க 23 கிலோதான் வரம்பு. குனிந்தால், உடம்பைத் திருப்பினால் அதுவும் குறையும். அதாவது அந்த மோட்டார் அவர்கள் தூக்கவேண்டியதும் இல்லை. இடுப்பு வலிக்குப் பெல்ட் கட்டியிருந்த மூத்த ஃபிட்டர் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் நான் லீவில் இருந்தேன். திரும்பி வந்து ரிஜிஸ்டரைப் பார்த்தால், செயின் பிளாக் எடுத்ததற்கு அவர் கையெழுத்து.

ஷூ பிறகு வந்தது. ஸ்டோரில் பொருள் கேட்டு எழுதும் இண்டென்ட் படிவத்தில் அளவு எழுதக் கட்டமே கிடையாது. ஓரத்தில் பேனாவால் எழுதிக் கொடுத்தேன்.

கழிப்பறை கதை முடியவில்லை. பெண்களுக்கானது நிர்வாகக் கட்டடத்தில். போய்வர இருபது நிமிடம். பாய்லர் பக்கம் வேலை உள்ள நாளில் தண்ணீரே குடிக்காமல் ஓட்டுவேன். அந்த வெக்கையில் அது முட்டாள்தனம் என்று தெரிந்தேதான். இப்போது ஷாப்புக்குள்ளேயே கட்ட ஒப்புதல் ஆகி, வரைபடம் என் மேசைக்கு வந்திருக்கிறது. கதவு நேராக கிரேன் போகும் வழியில் திறப்பதுபோல் வரைந்திருக்கிறார்கள். சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.