மே மாச டைரி: வெஸ்லியும் வாலிபர் ஐக்கியமும்

மே 18, 2026, திங்கள்

விபிஎஸ் (லீவுல பிள்ளைங்களுக்கு சபைல நடத்துற வேதாகமப் பள்ளி) முடிஞ்சும் தொண்டை இன்னும் கட்டிப்போய்தான் கிடக்கு. அதுக்குள்ள வர்ற ஞாயிறு வாலிபர் ஐக்கியத்துல பேசணுமாம், தலைப்பு "வைராக்கியமான கிறிஸ்தவ ஜீவியம்". இந்த தலைப்பு கிடைச்சா போதும், விடிகாலைல எந்திரி, உபவாசம் இரு, கைப்பிரதி குடுன்னு லிஸ்ட் வாசிச்சு பிள்ளைங்கள தலைகுனிய வெச்சுதான் வீட்டுக்கு அனுப்புவாங்க. எனக்கு அது பிடிக்காது. 24ஆம் தேதி பெந்தெகொஸ்தே பண்டிகை, மெதடிஸ்ட் இயக்கத்த ஆரம்பிச்ச இங்கிலாந்து போதகர் ஜான் வெஸ்லிக்கு மனசு மாறினதும் ஒரு மே 24 தான், பேசாம அவர வெச்சே பேசிரலாம்.

மே 20, புதன்

வெஸ்லிகிட்ட வைராக்கியத்துக்கு பஞ்சமே இல்ல, அதான் விஷயமே. ஆக்ஸ்ஃபோர்டுல இருக்கும்போதே புதனும் வெள்ளியும் உபவாசம், ஜெயில்ல கைதிங்கள சந்திக்கிறது, 1735ல மிஷனரியா அமெரிக்காவுல இருக்குற ஜார்ஜியாவுக்கு கப்பலும் ஏறிட்டாரு. 1736 ஜனவரில நடுக்கடல்ல புயல், கப்பலோட பெரிய பாய்மரத் துணி கிழிஞ்சு தண்ணி உள்ள கொட்டுது, இங்கிலீஷ்காரங்க அலறுறாங்க, கூட வந்த மொரேவியர்கள்ங்கிற ஜெர்மன் புராட்டஸ்டன்ட் சபைக்காரங்க மட்டும் சங்கீதம் பாடிட்டு இருக்காங்க, நிறுத்தவே இல்ல. பயமா இல்லையான்னு அப்புறம் ஒருத்தர்கிட்ட கேட்டா, இல்லங்கிறாரு. பொம்பளைங்க பிள்ளைங்களுக்குமா? அவங்களுக்கும் சாக பயமில்லயாம். இவ்ளோ உபவாசம் இருந்த நம்மாளுக்கு சாகுறதுன்னா பயம், அத அவரே எழுதி வெச்சிருக்காரு.

மே 22, வெள்ளி

போதகருக்கு உதவியா சபைய பாத்துக்கிற உபதேசியார் தாத்தாகூட வீடு சந்திப்புக்கு போனேன். படுக்கையில இருக்குற பாட்டி ஒருத்தங்க, "கோயிலுக்கும் வரல, காணிக்கையும் போடல, ஆண்டவர் என்ன ஏத்துக்குவாராய்யா"ன்னு கேட்டாங்க. தாத்தா ரோமர் 5:1 வாசிச்சாரு, "தேவனிடத்தில் சமாதானம் பெற்றிருக்கிறோம்". அப்புறம், "நீ கட்ட வேண்டிய பாக்கியெல்லாம் சிலுவையிலயே தீந்துபோச்சுல்லா தாயி"ன்னாரு, அவ்ளோதான் பிரசங்கம். பாட்டி கொஞ்ச நேரம் மோட்டுவளையவே பாத்துட்டு இருந்தாங்க, பிறகு தலகாணிக்கு அடியில இருந்து பட்டன் போன எடுத்து மருமகள நம்பர் போடச் சொல்லி எதிர்வீட்டு அக்காவ கூப்பிட்டு, "உன் மவ கல்யாண காரியத்துக்கு ஜெபிக்கணும்னியே, ஐயா வந்திருக்காரு, உடனே வா"ன்னாங்க. நாங்க யாரும் ஊழியம் செய்யுங்கன்னு சொல்லல.

மே 24, ஞாயிறு

கோயில்ல நல்ல கூட்டம், ஃபேன் காத்தும் அனலா வீசுது. சாயங்காலம் பேசினேன். 1738 மே 24, மத்தியானம் வெஸ்லி லண்டன் செயின்ட் பால் கதீட்ரல்ல 130ஆம் சங்கீதம் பாடக் கேக்குறாரு, ராத்திரி ஆல்டர்ஸ்கேட் தெரு கூட்டத்துக்கு இஷ்டமே இல்லாமதான் போறாரு. அங்க யாரோ ரோமர் நிருபத்துக்கு ஜெர்மன் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் எழுதின முன்னுரைய வாசிச்சிட்டு இருக்காங்க, ஒன்பதுக்கு கால் மணி முன்ன கிறிஸ்து என் பாவத்தையும் எடுத்துப்போட்டார்னு ஒரு நிச்சயம் உள்ள வருது, நெஞ்சு அனலாச்சாம். சாட்சி சொல்றவங்க பொதுவா இதோட நிறுத்திருவாங்க. ஆனா வீட்டுக்கு போனதுமே சோதனை வந்துச்சுன்னும் அவரே எழுதுறாரு, அடுத்த ஜனவரில "நான் கிறிஸ்தவனே இல்ல"ன்ற அளவுக்கு புலம்புறாரு. அப்படிப்பட்ட ஆளுதான் 1739 ஏப்ரல் 2 பிரிஸ்டல்ல திறந்தவெளியில ஒரு மூவாயிரம் பேருக்கு பிரசங்கம் பண்றாரு, அதுக்கு கொஞ்சநாள் முன்ன வரைக்கும் கோயிலுக்கு வெளிய ஆத்தும ஆதாயம் பண்றதே பாவம் மாதிரின்னு நெனச்சிருந்தவரு! 1791ல சாகுற வரைக்கும் ஓட்டம்தான். பழைய உழைப்பேதான், ஆனா தேவன சரிக்கட்டுறதுக்காக உழைக்கல, அது முடிஞ்சுபோன காரியம்னு தெரிஞ்சு உழைச்சாரு.

மே 26, செவ்வாய்

ஐக்கியத்துல ஒரு தம்பி வாட்ஸ்அப்ல கேட்டிருந்தான், "அண்ணே, சமாதானம் கிடைச்சாச்சுன்னா சும்மா இருந்துரலாம்ல?" கிண்டல்தான், ஆனா நல்ல கேள்வி. லண்டன்ல வெஸ்லி சேந்திருந்த ஃபெட்டர் லேன் சங்கம்ங்கிற ஜெபக் குழுவுலயும் இதுக்குதான் சண்டை, பூரண விசுவாசம் வர்ற வரைக்கும் நற்கருணை கூட எடுக்காம அமைதியா காத்திருன்னு சிலர் சொல்ல, வெஸ்லி ஒத்துக்காம 1740 ஜூலைல வெளிய வந்துட்டாரு. அத அப்படியே வாய்ஸ் மெசேஜா போட்டுட்டு, சனிக்கிழமை பெரியாஸ்பத்திரி வார்டு சந்திப்புக்கு வர்றியாடேன்னும் கேட்டிருக்கேன். ப்ளூ டிக் வந்துருச்சு, பதில் இன்னும் வரல.